100 ஓம் விளக்கு: ஒரே சூத்திரம், ரெண்டு விடை

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரு கால்குலேட்டர் இருந்தா நல்லது. போன்ல இருக்கறதே போதும். பஸ்ல நின்னுக்கிட்டே கேக்கறவங்க மனக்கணக்காவே போட்டுடலாம், சுலபமான எண்களாத்தான் எடுத்து வச்சிருக்கேன்.

விஷயம் நாம எல்லாரும் ஸ்கூல்ல படிச்சதுதான். வி ஈக்குவல்ஸ் ஐ ஆர். மின்னோட்டத்தை மின்தடையால பெருக்கினா மின்னழுத்தம். அதுக்குக் கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு வரும்: திறன், அதாவது பவர், ஐ ஸ்கொயர் ஆர். ரெண்டு மார்க் கேள்விக்கு ஆகும்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்துட்டோம்.

1879-ல இந்த ரெண்டு சூத்திரத்தையும் கையில வச்சுக்கிட்டு, லண்டன்ல ஒரு பெரிய பொறியாளர், வீட்டுக்கு வீடு மின்விளக்கு கொடுக்கறது நடக்காத காரியம்னு சொன்னார். சும்மா சொல்லலை, கணக்குப் போட்டுக் காட்டினார். அதே வருஷம், அதே ரெண்டு சூத்திரத்தை வச்சுக்கிட்டு, அமெரிக்காவுல நியூ ஜெர்சி பக்கம் மென்லோ பார்க்னு ஒரு சின்ன ஊர்ல இருந்த குழு, நடக்கும்னு கணக்குப் போட்டுச்சு. சூத்திரம் ஒண்ணுதான். விடை எப்படி ரெண்டாச்சு? அதுதான் இன்னைக்குக் கதை.

முதல்ல சூத்திரம் எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்துடலாம். கியோர்க் சைமன் ஓம், 1789-ல ஜெர்மனியில எர்லாங்கன் நகரத்துல பிறந்தவர். அப்பா பூட்டு செய்யற தொழிலாளி. ஓம் கொலோன் நகரத்துல பள்ளி ஆசிரியரா இருந்தப்பதான் இந்தச் சோதனைகளைச் செஞ்சார். அவருக்கு இருந்த முதல் தலைவலி பேட்டரி. அந்தக் காலத்து வோல்ட்டா அடுக்கு ஒரு நிலையில நிக்காது. இணைச்ச உடனே ஒரு அளவு, கொஞ்ச நேரம் கழிச்சு வேற அளவு. உள்ளே வர்ற டேட்டாவே தள்ளாடினா அதுல என்ன விதியைக் கண்டுபிடிக்கிறது? 1825-ல அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் தப்பாத்தான் வந்துச்சு.

அப்புறம் போகன்டார்ஃப்ங்கற இன்னொரு அறிவியலாளர் ஒரு யோசனை சொன்னார்: பேட்டரியை விட்டுட்டு வெப்ப மின்னிரட்டையை எடுத்துக்கோங்க. பிஸ்மத், செம்புன்னு ரெண்டு உலோகத்தை இணைச்சு, ஒரு முனையைக் கொதிக்கிற தண்ணியிலயும் இன்னொரு முனையைப் பனிக்கட்டியிலயும் வச்சா, சின்னதா, ஆனா ஆடாம அசையாம ஒரு மின்னழுத்தம் கிடைக்கும். கொதிநிலையும் உறைநிலையும் மாறாதே. ஓம் 8 செம்புக் கம்பிகளை எடுத்துக்கிட்டார். குட்டையானது 2 அங்குலம், நீளமானது 130 அங்குலம். ஒவ்வொண்ணா மாட்டி, பக்கத்துல தொங்கவிட்ட காந்த ஊசி எவ்வளவு திரும்புதுன்னு அளந்தார். 1826-ல சரியான சூத்திரம் வந்துடுச்சு.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. ஓம் எழுதினது நம்ம புத்தகத்துல இருக்கற வடிவத்துல இல்லை. அவர் எழுதினது இப்படி: எக்ஸ் ஈக்குவல்ஸ் ஏ பை பி பிளஸ் சின்ன எக்ஸ். பெரிய எக்ஸ்ங்கறது மின்னோட்டம். ஏ, மின்சாரத்தைத் தள்ளற விசை. சின்ன எக்ஸ், நாம மாட்டற கம்பியோட நீளம், அதாவது வெளியில இருக்கற தடை. நடுவுல அந்த பி? சுற்றுல மீதி இருக்கற எல்லாத்தோட தடை. மூலம்னு நாம சொல்ற அந்த மின்னிரட்டைக்குள்ளயே இருக்கற தடையும் அதுல சேர்த்தி. நமக்குச் சொல்லிக் கொடுக்கறப்ப பாதி நேரம் இந்த பி-யைப் பூஜ்யம்னு வச்சுக் கழட்டி விட்டுடறாங்க. பரீட்சைக்கு அது பரவாயில்லை. 1879 சண்டை முழுக்க இந்த பி-யைச் சுத்தித்தான் நடந்துச்சு.

ஓமுக்கு உடனே மாலை மரியாதை எல்லாம் கிடைக்கலை. 1827-ல புத்தகமா போட்டார்; ஜெர்மனியில பெருசா யாரும் கண்டுக்கலை, சிலர் கடுமையாவும் எழுதினாங்க. கொலோன் வேலையை விட்டுட்டு வருஷக்கணக்குல சரியான பதவி இல்லாம இருந்தார். 1841-ல லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் ஊர்க்காரங்க திரும்பிப் பாத்தாங்க.

அதே 1841-ல இங்கிலாந்துல ஜேம்ஸ் ஜூல், பீர் காய்ச்சற குடும்பத்துப் பையன், 22 வயசு, ரெண்டாவது சூத்திரத்தை வெளியிட்டார். கம்பிச்சுருளைத் தண்ணிக்குள்ள வச்சு, மின்சாரம் விட்டு, தண்ணி எவ்வளவு சூடாகுதுன்னு அளந்தார். மின்னோட்டம் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. மூணு மடங்கானா ஒன்பது. ஐ ஸ்கொயர் ஆர். இந்த 'ஸ்கொயர்' சின்ன விஷயம் மாதிரி தெரியும். போகப் போகப் பாருங்க.

இப்ப 1878-க்கு வந்துடுவோம். மின்விளக்கு அப்பவே இருந்துச்சு. ஆர்க் விளக்குன்னு பேர். ரெண்டு கார்பன் குச்சிக்கு நடுவுல மின்பொறி பாயும். பாரிஸ்ல பெரிய வீதி ஒண்ணு முழுக்க மாட்டியிருந்தாங்க. ஆனா அது வீதிக்கும் தொழிற்சாலைக்கும்தான் லாயக்கு. ஒரு படுக்கையறையில அதை வச்சா கண்ணு கூசியே செத்துடுவோம். போதாததுக்கு, நிறைய விளக்குகளைத் தொடரா, ஒண்ணு பின்னாடி ஒண்ணா இணைச்சிருப்பாங்க. நம்ம பழைய சீரியல் செட் மாதிரி. தனித்தனியா அணைக்கிறது ஏற்றதுங்கற பேச்சுக்கே இடமில்லை.

வீட்டுக்குள்ள எரிஞ்சது கேஸ் விளக்கு. ஒரு விளக்கு சுமார் 16 மெழுகுவர்த்தி வெளிச்சம். திருகினா எரியும், திருப்பினா அணையும். மின்சாரத்தையும் அப்படிச் சின்னச் சின்னதா பிரிச்சுக் கொடுக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு அப்ப இருந்த பேரே 'மின்னொளியைப் பிரித்தல்'. 1878 செப்டம்பர்ல எடிசன் ஒரு தொழிற்கூடத்துல ஆர்க் விளக்குகளைப் பாத்துட்டு வந்து, ஒரு வாரத்துல, இந்தப் பிரச்சினையை நான் தீர்த்துட்டேன்னு பத்திரிகைக்குச் சொல்லிட்டார். கையில வேலை செய்யற விளக்கு ஒண்ணுகூட கிடையாது. ப்ராடக்ட் வர்றதுக்கு முன்னாடியே பிரஸ் மீட் வைக்கிற பழக்கம் நம்ம துறையில ஆரம்பிச்சதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அந்தச் செய்தி லண்டன் வரைக்கும் போய், கேஸ் கம்பெனிப் பங்குகள் சரிஞ்சது.

இதுக்குப் பதில் சொன்னவங்கள்ல ஒருத்தர் வில்லியம் ப்ரீஸ். பிரிட்டிஷ் தபால் துறையோட தந்திப் பொறியாளர். விவரம் தெரியாதவர்னு ஒதுக்கிடாதீங்க. பின்னாளில் மார்க்கோனிக்கு முதல்ல கை கொடுத்தவரும் இவர்தான். 1879 ஆரம்பத்துல அவர் சொன்னது: மின்னொளியைப் பிரிக்கிறதுங்கறது ஒரு இக்னிஸ் ஃபாட்டுஸ். லத்தீன் சொல். நம்ம ஊர்ல சதுப்பு நிலத்துல ராத்திரி தெரியற கொள்ளிவாய்ப் பிசாசுன்னு சொல்வோமே, அதுதான். கிட்டப் போனா இருக்காது.

அவர் எப்படி அங்க வந்து சேர்ந்தார்? சின்னக் கணக்கு ஒண்ணு போடுவோம். எண்கள் நம்மது, தர்க்கம் அந்தக் காலத்தது. மின்சாரம் கொடுக்கற ஒரு எந்திரம் இருக்கு. 100 வோல்ட். அதுக்குள்ள இருக்கற தடை, ஓமோட அந்த பி, 5 ஓம். வெளியில எவ்வளவு தடையை மாட்டினா விளக்குக்கு அதிகத் திறன் கிடைக்கும்?

வெளியிலயும் 5 ஓம் மாட்டுங்க. மொத்தம் 10 ஓம். மின்னோட்டம் 10 ஆம்பியர். வெளியில கிடைக்கறது 10 ஸ்கொயர் பெருக்கல் 5, அதாவது 500 வாட். வேற எந்தத் தடையைப் போட்டாலும் இதைத் தாண்டாது, வேணும்னா போட்டுப் பாருங்க. உள்தடையும் வெளித்தடையும் சமமா இருந்தாதான் உச்சம். ரஷ்யாவுல வேலை பார்த்த யாக்கோபிங்கற பொறியாளர் 1840 வாக்குல இதைச் சொல்லிட்டார். அதனால பல நிபுணர்கள் மனசுல இது ஒரு விதியாவே உக்காந்திருந்துச்சு: எந்திரத்தோட தடையும் வெளித்தடையும் சமமா இருக்கணும். ஆனா எந்திரத்துக்குள்ளயும் அதே 500 வாட் சூடா வீணாப் போகுதே? பாதிக்குப் பாதி நஷ்டம்தான், வேற வழியில்லைன்னு நம்பினாங்க. ஒரே எந்திரத்துல இன்னும் இன்னும் விளக்குகளைச் சேர்த்தா, இருக்கற திறனைத்தான் பங்கு போட்டாகணும். பங்கு சின்னதாகச் சின்னதாக இழை சிவக்கக்கூட சூடு பத்தாது. ப்ரீஸோட முடிவு இதுலேருந்து நேரா வருது.

இப்ப அதே எந்திரத்துல வெளியில 45 ஓம் மாட்டுங்க. மொத்தம் 50. மின்னோட்டம் 2 ஆம்பியர். வெளியில 2 ஸ்கொயர் பெருக்கல் 45, 180 வாட். உள்ள 4 பெருக்கல் 5, வெறும் 20 வாட். கிடைக்கற திறன் 500-லேருந்து 180-ஆ குறைஞ்சுபோச்சு, சரி. ஆனா எந்திரம் உண்டாக்கற மின்திறன்ல 90 சதவீதம் விளக்குக்குப் போகுது. கரிக்குக் காசு கொடுக்கறவனுக்கு எந்த எண் முக்கியம்?

ப்ரீஸ் கேட்ட கேள்வி, இந்த எந்திரத்துலேருந்து அதிகபட்சம் எவ்வளவு பிழியலாம். கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ஒரு வாட் வெளிச்சத்துக்கு எவ்வளவு செலவு. பேட்டரியோட வளர்ந்த தந்திக்காரருக்கு முதல் கேள்விதான் இயல்பா வரும். எந்திரமும் விளக்கும் அவருக்குக் கொடுக்கப்பட்ட மதிப்புகள். மென்லோ பார்க்ல இருந்தவங்களுக்கு அது ரெண்டுமே மாத்தக்கூடிய வேரியபிள்.

அங்க கணக்குப் போட்ட ஆள் ஃபிரான்சிஸ் அப்டன். பிரின்ஸ்டன்ல படிச்சு, பெர்லின்ல ஹெல்ம்ஹோல்ட்ஸ்கிட்ட பாடம் கேட்டவர். 1878 கடைசியில எடிசன்கிட்ட சேர்ந்தார். எடிசன் அவருக்கு வச்ச பட்டப்பேர் 'கல்ச்சர்'. இவரைப் பத்தி ஒரு கதை எல்லா எடத்துலயும் சொல்வாங்க: கண்ணாடிக் குமிழோட கொள்ளளவைக் கேட்டா, அப்டன் நுண்கணிதம் போட்டுக்கிட்டே இருந்தாராம், எடிசன் குமிழ்ல தண்ணியை ஊத்தி அளந்துட்டாராம். படிச்சவன் முட்டாள், அனுபவசாலி புத்திசாலிங்கற மாதிரி கதை. எனக்கு அது பிடிக்கறதில்லை. அப்டனோட கணக்கு இல்லாம அந்த விளக்கு கடைக்கு வந்திருக்காது.

ஏன்னா அங்க பிரச்சினை விளக்கு மட்டும் கிடையாது. செம்பு. தெருவுக்கு அடியில புதைக்கப் போற செம்புக் கம்பி. வாங்க, ரெண்டாவது கணக்கு.

1000 விளக்கு. ஒவ்வொண்ணும் 100 வாட். தனித்தனியா ஏத்தி அணைக்கணும், அதனால எல்லாம் பக்க இணைப்பு, அதாவது பேரலல். முதல்ல, அப்ப எல்லாரும் முயற்சி செஞ்ச மாதிரி தடிமனான, தடை குறைஞ்ச விளக்கு: 1 ஓம்னு வச்சுப்போம். 100 வாட் வேணும்னா ஐ ஸ்கொயர் பெருக்கல் 1 ஈக்குவல்ஸ் 100. மின்னோட்டம் 10 ஆம்பியர். 1000 விளக்குக்கு 10,000 ஆம்பியர். அந்த அளவுக்கு மின்னோட்டம் போற கம்பியில சூடா போகற நஷ்டம் ஐ ஸ்கொயர் ஆர். அதைக் கட்டுப்படுத்தணும்னா கம்பியோட தடையைக் குறைக்கணும், அதாவது செம்பைக் கொட்டணும். எலக்ட்ரிக் கம்பெனி திறக்கறதுக்கு முன்னாடி செம்புச் சுரங்கம் வாங்கணும்.

இப்ப விளக்கோட தடையை 100 ஓம் ஆக்குங்க. ஐ ஸ்கொயர் பெருக்கல் 100 ஈக்குவல்ஸ் 100. மின்னோட்டம் 1 ஆம்பியர். 1000 விளக்குக்கு 1000 ஆம்பியர். வெளிச்சம் அதே, மின்னோட்டம் பத்துல ஒண்ணு. ஜூலோட அந்த ஸ்கொயர் ஞாபகம் இருக்கா? மின்னோட்டம் பத்துல ஒண்ணானா, அதே நஷ்டத்துக்குக் கம்பியோட தடை 100 மடங்கு இருக்கலாம். அதாவது செம்பு நூத்துல ஒரு பங்கு போதும்.

விளக்குக்குள்ள இருக்கற ஒரு மயிரிழையோட தடை, தெருவுக்கு அடியில எத்தனை டன் செம்பு போகணும்னு தீர்மானிக்குது. 1878-79 குளிர்காலத்துல மென்லோ பார்க்ல பிடிபட்டது இதுதான். பல வருஷம் கழிச்சு அப்டனே சொல்லியிருக்கார்: இவ்வளவு அடிப்படையான விஷயம், இத்தனை படிச்சிருந்தும் அப்ப ஏன் என் கண்ணுக்குத் தெளிவாத் தெரியலைன்னு. எனக்கு மட்டும் இல்லை, கூட நிறைய பேர் இருந்தாங்கன்னும் சேர்த்துச் சொன்னார்.

இதுக்கப்புறம் தேடல் மாறுது. சூட்டைத் தாங்கற பொருள் மட்டும் போதாது, முடி மாதிரி மெல்லிசா, நீளமா, தடை அதிகமா இருக்கணும். 1879 அக்டோபர் 22-ல கார்பனாக்கின பருத்தி நூல் ஒண்ணு வெற்றிடக் குமிழுக்குள்ள 13 மணி நேரத்துக்கு மேல எரிஞ்சுது. நவம்பர் 4-ல காப்புரிமைக்கு விண்ணப்பம். அந்தக் காப்புரிமையைப் படிச்சா, உயர்ந்த தடைங்கற விஷயம் திரும்பத் திரும்ப வரும். மின்விளக்கை எடிசனா கண்டுபிடிச்சார், இங்கிலாந்துல ஜோசப் ஸ்வான் முன்னாடியே காட்டினாரேன்னு இணையத்துல அடிச்சுக்குவாங்க. ஸ்வான் காட்டினது உண்மைதான். ஆனா அந்த முதல் விளக்குல இருந்தது தடிமனான கார்பன் குச்சி, தடை குறைவு. மேஜை மேல அழகா எரியும். ஒரு ஊருக்கு அதை வச்சு மின்சாரம் கொடுக்கப் போனா, மேல போட்ட முதல் கணக்குல மாட்டிப்பீங்க. என் ஓட்டு எடிசன் குழுவுக்குத்தான், காரணம் இதுதான்.

நம்ம பக்கத்து ஒப்பீடு ஒண்ணு. பழைய 60 வாட் குண்டு பல்பு, 230 வோல்ட். 230-ஐ வர்க்கமாக்கி 60-ஆல வகுத்தா எரியும்போது அதோட தடை சுமார் 882 ஓம். மல்டிமீட்டர் வச்சு அணைஞ்ச பல்பை அளந்துட்டு, கணக்கு தப்புன்னு எனக்கு மெயில் போடாதீங்க. டங்ஸ்டன் ஆறியிருக்கறப்ப தடை ரொம்பக் குறைவாத்தான் காட்டும்.

எந்திரத்தையும் மாத்தினாங்க. 1879-ல உள்தடை ரொம்பக் குறைஞ்ச டைனமோ ஒண்ணைக் கட்டினாங்க. நெட்டையா ரெண்டு காந்தம், பட்டப்பேர் 'நெட்டைக்கால் மேரி ஆன்'. செயல்திறன் 90 சதவீதம்னு அறிவிச்சப்ப நிபுணர்கள் சிரிச்சாங்க. சமமா இருந்தாதானே உச்சம், பாதிக்கு மேல எப்படி வரும்? நாமதான் இப்ப 45 ஓம் மாட்டிப் பாத்தோமே, அப்படித்தான் வரும்.

1882 செப்டம்பர் 4, மதியம் 3 மணி. நியூயார்க் பேர்ல் தெரு மின்நிலையம் ஓட ஆரம்பிச்சுது. சுமார் 400 விளக்கு. விளக்குகள் 110 வோல்ட். ஏன் 110? இன்னும் அதிக வோல்ட்டுக்குப் போனா இழையை இன்னும் மெல்லிசா, இன்னும் நீளமா பண்ணணும். கார்பன் இழை அதுக்குத் தாங்கலை.

அப்பவும் செம்புக் கணக்கு விடலை. அடுத்து வந்தது மூணு கம்பி முறை. 110 வோல்ட் டைனமோ ரெண்டைத் தொடரா வச்சு, வெளிக்கம்பி ரெண்டுக்கு நடுவுல 220, நடுக்கம்பிக்கும் ஒவ்வொரு வெளிக்கம்பிக்கும் நடுவுல 110. விளக்கு பழையபடி 110-லதான் எரியும். ஆனா கம்பிக்கு மின்னழுத்தம் ரெட்டிப்பு, மின்னோட்டம் பாதி. பாதின்னா அதே நஷ்டத்துக்குச் செம்பு கால் பங்கு. முன்னாடி 8 கிலோ கம்பி ரெண்டு, 16 கிலோ. இப்ப 2 கிலோ கம்பி மூணு, 6 கிலோ. 62.5 சதவீதம் மிச்சம், ஒரு கம்பியைக் கூடப் போட்டு! 1883-ல பென்சில்வேனியாவுல சன்பரிங்கற ஊர்ல இதை முதல்ல ஓட்டினாங்க.

ஆனா இதே ஸ்கொயர் எடிசனையே திருப்பி அடிச்சுது. 110, 220 வோல்ட் நேர்மின்சாரம் ஒரு மைல் சுற்றளவைத் தாண்டினா மறுபடி செம்பு கழுத்தைப் பிடிக்குது. 1887-ல பிரெஞ்சுக்காரங்க சிலர் கூட்டு சேர்ந்து செம்பைப் பதுக்கி விலையை ஏத்தினப்ப, அடி பலமா விழுந்தது எடிசன் பக்கம்தான். மாறுமின்சாரத்துல மின்மாற்றி இருக்கு. வழியில மின்னழுத்தத்தை ஏத்தி, வீட்டு வாசல்ல இறக்கிக்கலாம். வெஸ்டிங்ஹவுஸ் அந்தப் பக்கம் போனார். 1896 நவம்பர்ல நயாகராவுலேருந்து பஃபலோ நகரத்துக்கு 11,000 வோல்ட்ல மின்சாரம் போச்சு. 110-ஓட ஒப்பிட்டா 100 மடங்கு. அதே திறன், அதே கம்பின்னா மின்னோட்டம் நூத்துல ஒண்ணு, நஷ்டம் பத்தாயிரத்துல ஒண்ணு. தடையைக் கூட்டி மின்னோட்டத்தைக் குறைங்கன்னு உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்த ஆள், அதே வாதத்தோட அடுத்த படியை எதிர்த்துக்கிட்டு நின்னார். அந்தச் சண்டை தனி எபிசோடுக்கு உண்டான சரக்கு.

அமெரிக்காவுல இருக்கற சொந்தக்காரங்க யார்கிட்டயாவது அவங்க வீட்டு மெயின் போர்டைக் காட்டச் சொல்லுங்க. மின்சாரம் இன்னைக்கு மாறுமின்சாரம், எண்களும் கொஞ்சம் ஏறிப்போச்சு. ஆனா தெருவுலேருந்து வீட்டுக்குள்ள வர்றது மூணு கம்பி: வெளிக்கம்பி ரெண்டுக்கு நடுவுல 240 வோல்ட், நடுக்கம்பியோட சேர்த்துப் பாத்தா 120.